தோளோடு தோள்: குவாத்தமாலா, சியாபாஸ் மரிம்பா நாட்குறிப்பு

நவம்பர் 12, செவ்வாய். ஆன்டிகுவா

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரக் கதீட்ரலின் பின்பகுதிக்குக் கூரை இல்லை. 1773 நிலநடுக்கத்தில் இடிந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். செங்கல் வளைவுகளுக்கு மேலே வெறும் வானம். இந்தக் கதீட்ரல் 1680ல் திறக்கப்பட்டபோது நடந்த கொண்டாட்டத்தில், மரக்கட்டைகளை ஸ்டிக்கால் தட்டி வாசிக்கும் மரிம்பாவை வாசித்தார்கள் என்று டொமிங்கோ ஹுவாரோஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இந்த நாட்டில் மரிம்பாவைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி அதுதான். மரிம்பாவும், உலோகப் பட்டைகள் கொண்ட அதன் உறவான வைப்ரஃபோனும் (சுருக்கமாக வைப்ஸ்) வாசித்துப் பிழைப்பவன் நான். இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றது எனக்கு வீண் என்று தோன்றவில்லை.

மதியம் ஒரு விடுதி முற்றத்தில் சாப்பாடு. பெபியான் வாங்கினேன். வறுத்த பூசணி விதை, எள், காய்ந்த மிளகாய் எல்லாம் அரைத்த கெட்டிக் குழம்பு, உள்ளே கோழி. கூடவே வெந்து மிதந்த காயைக் கடித்துப் பார்த்தால், நம்ம சௌசௌ! அதன் பூர்வீகமே இந்தப் பக்கம்தான். விலை 65 கெட்சால். நான் போனபோது ஒரு கெட்சால் என்பது பத்துப் பதினோரு ரூபாய். வெளியூர்க்காரர்கள் வந்து போகும் இடம் என்பதால் இந்த விலை. சந்தைக்குள் போனால் பாதிக்கும் குறைவு.

முற்றத்தின் ஓரத்தில் மரிம்பாக் குழு. பெரியதில் நாலு பேர், பக்கத்துச் சின்னதில் மூன்று பேர். பெரியதை கிராண்டே என்கிறார்கள், சின்னதை தெனோர். ஒரே கருவியில் நாலு பேர் நிற்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு. ஒருவர் முழங்கைக்கும் அடுத்தவர் முழங்கைக்கும் இடையில் உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. நோட்ஸ் ஸ்டாண்டு கிடையாது, கண்டக்டர் கிடையாது. பாட்டு தொடங்குவதற்கு மெலடி வாசிப்பவர் கட்டையின் ஓரத்தை இரண்டு தடவை லேசாகத் தட்டுகிறார், அவ்வளவுதான். ஏழு பேரும் ஒன்றாக இறங்குகிறார்கள்.

பக்கத்து மேசையில் சாப்பிட்டு முடித்த குடும்பம் எழுந்து போகும்போது, முன்பின் தெரியாத என்னைப் பார்த்து 'புவென் ப்ரோவெச்சோ' என்றது. நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்து. அந்தக் குடும்பத்தின் நாலு வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிட்டுத்தான் போனது.

நவம்பர் 13, புதன். ஷேலா போகும் வழி

கெட்சால்டெனாங்கோ என்ற பெயரை இங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ஷேலா என்றால்தான் நடத்துனருக்குப் புரிகிறது. அமெரிக்காவில் ஓய்வு கொடுத்த பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு வண்ணம் அடித்து இங்கே ஓட்டுகிறார்கள். இரண்டு சிறுவர்களுக்கான இருக்கையில் மூன்று பெரியவர்கள். மூன்றாவது ஆளுக்குப் பாதி உடம்பு நடைபாதையில்தான். நான் அந்த மூன்றாவது ஆள். எதிர்ப்புறம் உட்கார்ந்த அம்மா தன் தோளால் என் தோளுக்கு அணை கொடுத்தார், வளைவுகளில் விழாமல் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, அது இங்கே வழக்கம்போல.

ஸ்டிக் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அலாஸ்கா என்று ஒரு மேட்டைத் தாண்டுகிறது பாதை. உயரம் 3,000 மீட்டருக்கு மேல், பெயருக்கு ஏற்ற குளிர். ஜன்னலை மூட வராது. அங்கேயே ஒரு பெண் ஏறி வாளியில் சுடச்சுட மக்காச்சோள அதோல் விற்றார், கோப்பை 5 கெட்சால். நம்ம கஞ்சியில் சர்க்கரையும் பட்டையும் போட்டதுபோல இருக்கும்.

நவம்பர் 14, வியாழன். ஷேலா

வியாழக்கிழமை என்றால் ஷேலாவில் பாச்சே. உருளைக்கிழங்கை மசித்து, காரச் சாந்தும் இறைச்சித் துண்டும் உள்ளே வைத்து இலையில் கட்டி அவித்தது. காலை ஏழு மணிக்கு இரண்டு சாப்பிட்டேன். 2,300 மீட்டர் உயரத்துக் குளிருக்கு அது சரியாக இருந்தது.

அப்புறம் ஒரு மரிம்பாப் பட்டறைக்குப் போனேன். பயணத்தின் காரணமே இதுதான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

இந்த ஊர்க்காரரான செபாஸ்டியான் ஹுர்டாடோ 1894ல் முழு ஸ்வரங்களோடு அரை ஸ்வரங்களுக்கும் (பியானோவின் கறுப்புக் கட்டைகள் மாதிரி) தனி வரிசை வைத்து மரிம்பா செய்தார் என்பது குவாத்தமாலாக்காரர்கள் சொல்லும் வரலாறு. அதற்கு முன்னால் ஒரே வரிசைதான். அரை ஸ்வரம் தேவைப்பட்டால் கட்டையின் அடியில் மெழுகு உருண்டை ஒட்டிச் சுருதியை இறக்குவார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் மெக்சிகோவின் சியாபாஸில் கேட்டால், கொராசோன் போர்ராஸ் என்பவர் 1897ல் செய்ததுதான் முதல் என்பார்கள். பட்டறைப் பெரியவரிடம் அந்தப் பேச்சை எடுத்தேன். கையில் இருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, "வருஷத்தைப் பாருங்கள் மாஎஸ்த்ரோ" என்றார். வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே அரை ஸ்வரக் கட்டை, முழு ஸ்வரக் கட்டைக்கு நேர் பின்னால் இருக்கிறது. பியானோவில் இருப்பதுபோல இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வராது. பார்க்காமல் கை நீட்டியே பழகிய எங்கள் தொழிலுக்கு இது சின்ன விஷயம் அல்ல. உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தூரம் எல்லாம் மாறிவிடுகிறது.

கட்டைகள் ஓர்மிகோ மரம். பெரியவர் ஒரு கட்டையை இரண்டு விரலால் கணுவில் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினார். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளி இருக்கும் அந்த இடம் அதிர்வதில்லை. கயிறு கோக்கும் துளையும் அங்கேதான். சுருதி இறங்க வேண்டுமானால் அடியில் நடுப்பகுதியைச் சீவுகிறார், ஏற வேண்டுமானால் ஓரத்தை. இது உலகம் முழுக்க ஒன்றுதான், என் வைப்ஸின் அலுமினியப் பட்டைக்கும் இதே கணக்கு.

அதற்குப் பிறகு அவர் காட்டியதுதான் என்னை உட்கார வைத்தது. ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் மரத்தால் ஆன ஒலிப்பெட்டி. அதன் அடிமுனைக்கு அருகில் விரல் நுனி அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் தேன்மெழுகை வளையமாக உருட்டி ஒட்டினார். பன்றிக் குடலில் இருந்து உரித்துக் காயவைத்த சவ்வு, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லிசு. அதைக் கத்தரித்து மெழுகின்மேல் வைத்து, கட்டைவிரலால் ஓரங்களை மட்டும் அழுத்தினார். மேலே கட்டையைத் தட்டினார். நாதத்துக்குள்ளே ஒரு ரீங்காரம். சவ்வை இன்னும் கொஞ்சம் இழுத்தார், ரீங்காரம் போய்விட்டது. தளர்த்தினார், கரகரத்தது. மறுபடி ஒரு மயிரிழை இழுத்து, மூன்றாம் முறை தட்டியபோது கட்டையின் குரல் நீளமாக, சூடாக வந்தது. "இப்போதுதான் பேசுகிறது" என்றார்.

இதைச் சார்லேயோ என்கிறார்கள். நான் தொழில் செய்யும் ஸ்டுடியோக்களில் மரிம்பாவில் ரீங்காரம் வந்தால் டேக்கை நிறுத்தி, எந்தத் திருகு ஆடுகிறது என்று தேடுவோம். தம்புராவில் தந்திக்கு அடியில் நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிக்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்தோம், அது இல்லாவிட்டால் தம்புரா செத்த வாத்தியம் என்போம். மரிம்பாவுக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நமக்கு வந்து சேர்ந்த மரிம்பா அமெரிக்கத் தொழிற்சாலைகளின் வழியாக வந்தது. ஹுர்டாடோ சகோதரர்களின் குழு 1915ல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் வாசித்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த இப்படிப்பட்ட குழுக்களைப் பார்த்துத்தான் அங்கே டீகன் போன்ற கம்பெனிகள் மரிம்பாக்களைத் தயாரித்தன. மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் குழாய் வந்தது, சவ்வு போனது, ஏழு பேர் போய் ஒருவர் வந்தார். 1920களில் அதே தொழிற்சாலைகளில் இருந்துதான் வைப்ரஃபோனும் பிறந்தது. சுத்தமான ஒலி கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கருவியின் குரலைக் குறை என்று நினைத்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் எண்ணம். அதைக் கேட்டபிறகு எனக்கு வேறுவிதமாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரிம்பா ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு இங்கே வந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதன் பெயரே பாந்து மொழிகளைச் சேர்ந்தது. 1978ல் தேசிய வாத்தியமாக அறிவித்துக் கொண்டாடும் இந்த நாட்டில், அந்த மனிதர்களைப் பற்றிப் பேச்சு வருவது குறைவு. பட்டறையிலும் வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி. ஷேலா

பெரியவர் சொல்லி அனுப்பியதில் ஒரு குழுவோடு சேர்ந்து போனேன். ஊருக்கு வெளியே ஒரு மண்டபம், பதினைந்து வயது நிறைந்த பெண்ணுக்கு விழா. பிக்கப் வண்டியில் கால்களைக் கழற்றிய மரிம்பா, மேலே கம்பளி போட்டுக் கட்டியது. இறக்கிப் பூட்ட இருபது நிமிடம். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் முடிதிருத்துபவர், இரண்டு பேர் அண்ணன் தம்பி, தச்சு வேலை. முழுநேரமும் இதிலேயே வாழ்வது பாஸ் வாசிக்கும் தோன் ஒருவர்தான். வயதில் மூத்தவர்களை எல்லோரும் தோன் போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

குளிரில் சவ்வு காய்ந்து விறைத்துவிட்டது. ஆசிரியர் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து சவ்வின்மேல் வாயால் ஆவி ஊதினார், விரலால் சுண்டினார், அடுத்ததுக்குப் போனார். கிராண்டே ஆறரை ஸ்தாயி, அத்தனை பெட்டிக்கும்.

இடைவேளைக்குப் பிறகு தெனோரில் பாஸ் வாசிக்கிற தம்பி சாப்பிடப் போனார். என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்கச் சொன்னார்கள். சோன் என்னும் வகைப் பாட்டு, சிக்ஸ் எய்ட் தாளம். திஸ்ர நடை பழகிய காலுக்கு உடனே பிடிபடும். ஆனால் மெலடி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே சாய்ந்துகொண்டே இருக்கும். அதை எண்ணிப் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்பவரின் தோள் எப்போது சாய்கிறது என்பதை என் தோளில்தான் உணர்ந்தேன். அவர் மூச்சு இழுத்தால் எனக்குத் தெரிகிறது. வைப்ஸில் பெடலை மிதித்தால் ஸ்வரம் நீடிக்கும். இங்கே ஸ்வரத்தை நீடிக்க வைப்பது மணிக்கட்டின் உருட்டல்தான், அதுவும் நாலு பேர் உருட்டுவது ஒரே உருட்டலாகக் கேட்க வேண்டும். தாளம் காட்டும் க்ளிக் ஒலியைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் தனியாக வாசிப்பதுதான் என் சம்பாத்தியம். இந்த நெருக்கம் அதில் கிடையாது. அந்தத் தம்பி சாப்பிட்டுவிட்டு வந்து, இடத்தைக் கேட்காமல், சுவரோரம் நின்று இன்னும் இரண்டு பாட்டு என்னை வாசிக்க விட்டார்.

முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எனக்கும் பங்கு கொடுக்க வந்தார்கள், மறுத்தேன். அதற்குப் பதில் சுச்சித்தோ என்னும் தக்காளி தடவிய சின்னத் தமால் (மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை மாதிரி) ஆறு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 16, சனி. ஷேலா

நாள் முழுக்க ஓய்வு. சாயங்காலம் தெருவில் சில வீடுகளின் வாசலில் சிவப்பு பல்பு எரிந்தது. சனிக்கிழமை தமால் விற்கும் வீடு என்று அடையாளம். வாங்கினேன். வேறு சொல்ல எதுவும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு. எல்லை

வேன் ஓட்டுனர் ஸ்டிக் பையை உள்ளே விடவில்லை, இடம் இல்லை என்று கூரையில் கட்டினார். லா மெசியாவில் இறங்கி மெக்சிகோ எல்லையைக் கடந்தோம். அந்தப்பக்கம் காத்திருக்க வேண்டிய வேன் வரவில்லை. ஏற்பாடு செய்தவர்கள் தொலைபேசியில் 'இதோ வருகிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணி நேரம். அதுவரை வெயில். வேன் வந்து கொமித்தான் தாண்டியதும் வடக்குக் காற்று மழையைக் கொண்டுவந்தது, சாரல்தான், ஆனால் விடாத சாரல். கூரையில் கட்டிய தார்ப்பாய் ஓரத்தில் திறந்திருந்தது.

சியாபாஸின் சான் கிறிஸ்தோபல் ஊரில் பையைத் திறந்தபோது கம்பளி நூல் சுற்றிய ஸ்டிக்குகள் எல்லாம் நனைந்து கனத்திருந்தன. ஒவ்வொன்றும் நானே நூல் சுற்றித் தைத்தது. மெல்லிசான ஜோடியைப் பிழிந்தபோது தையல் விட்டுக்கொண்டது. ஆத்திரம் வந்தது, தூக்கமும் வரவில்லை.

நவம்பர் 18, திங்கள். சான் கிறிஸ்தோபல்

விடுதிக்காரப் பெண்மணி என் ஸ்டிக்குகளைப் பார்த்ததும் மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார், நான் கேட்கவே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்றார். வேண்டாம், சூட்டில் கம்பளி இறுகிக் கட்டியாகிவிடும், உள்ளே உள்ள ரப்பரும் கெட்டுவிடும் என்று கையால் காட்டி விளக்கினேன். உத்திரத்தில் கயிறு கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டோம். மழை நாள் முழுக்க. சூடான சாக்லேட் 40 மெக்சிகோ பேசோ.

நவம்பர் 20, புதன். துக்ஸ்த்லா

மலையில் இருந்து ஒரு மணி நேரம் இறங்கினால் வேறு தேசம் மாதிரி. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன், அதன்பிறகு அது வெளியே வரவில்லை.

துக்ஸ்த்லா குத்தியேரெஸில் மரிம்பாவுக்கென்றே ஒரு பூங்கா. 1993ல் திறந்தது. சாயங்காலமானால் நடு மண்டபத்தில் ஒரு குழு ஏறுகிறது, சுற்றிலும் ஜோடிகள் ஆடுகின்றன. இலவசம். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள். கால் தரையை விட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகிற ஆட்டம். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி போட்ட ஒரு தாத்தா ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு வேறு பாட்டிகளை மரியாதையாகத் தலை குனிந்து அழைத்தார், முடிந்ததும் அவரவர் நாற்காலிவரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

இங்கே அரை ஸ்வரங்கள் பியானோ முறையில் நடுவில் வருகின்றன. என் கைக்குத் தெரிந்த தூரம். ட்ரம்ஸும் சாக்ஸஃபோனும் சேர்ந்திருந்ததால் சார்லேயோ அடங்கிப்போனது, எனக்கு அது குறையாகத்தான் பட்டது. குவாத்தமாலாக் குழுவின் ஒலி இதைவிட ஆழம்.

நவம்பர் 21, வியாழன். சியாப்பா தே கோர்சோ

மரிம்பா செய்யும் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கும் ஊர். புகழ்பெற்ற மரிம்பாக் கலைஞர் செஃபெரினோ நந்தயாபா (1931–2010) இந்த ஊர்க்காரர். ஸ்டிக்தான் தேவை என்று ஒரு பட்டறையில் சொன்னேன். குச்சியின் நுனியில் பதப்படுத்தாத ரப்பரை நாடாவாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றுகிறார்கள். பசை வேண்டியதில்லை, ரப்பர் தன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. இழுக்கும் விசை கூடினால் தலை கெட்டியாகும், மேல் ஸ்தாயிக்கு. தளர்வாகச் சுற்றினால் பாஸுக்கு. செய்தவர் ஒவ்வொரு சுற்றுக்கும் தன் முழங்காலில் தட்டிப் பார்த்தார். இரண்டு ஜோடி, மொத்தம் 300 பேசோ. அங்கிருந்த தெனோரில் தட்டிக் காட்டினார். கம்பளி நூலில் கிடைக்காத ஒரு சதைப்பற்று அந்த அடியில் இருந்தது.

சதுக்கத்தில் குடுக்கையில் பொசோல் குடித்தேன். மக்காச்சோள மாவும் கொக்கோவும் கலந்து கரைத்தது, 25 பேசோ. அடியில் மண்டிவிடும் என்பதால் குடுக்கையைச் சுழற்றிக்கொண்டே குடிக்க வேண்டும். சுழற்றாமல் குடித்த என்னிடம் இருந்து வாங்கி, கடைக்கார அம்மா தானே சுழற்றிக் கொடுத்தார்.

நவம்பர் 22, வெள்ளி. துக்ஸ்த்லா

இன்று புனித செசிலியாவின் நாள். இசைக்காரர்களின் காவல் தெய்வம். காலையிலேயே தேவாலயத்துக்கு வாத்தியத்தோடு வந்தார்கள், கிதார், ட்ரம்பெட், மரிம்பா. வாசித்துவிட்டுத் தெருவில் சேர்ந்து சாப்பிட்டார்கள். சிப்பிலின் கீரை போட்ட தமாலை என் தட்டில் வைத்தவர், நேற்று இரவு எங்கே வாசித்தாய் என்று கேட்டார். வாசிக்கவில்லை, பயணி என்றேன். கை விரல்களின் காய்ப்பைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு கூலிக்குப் போனது. மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி நிகழ்ச்சிக்கு வந்தால் கூடுதல் நேரத்துக்குப் பணம் வராது, கல்யாண வீட்டில் பாட்டுப் பெட்டி வந்தபிறகு ஏழு பேர் குழுவை நாலாகக் குறைக்கச் சொல்கிறார்கள், கருவியைச் சுமக்கும் வண்டி வாடகை தலையில் விழுகிறது. எனக்கும் அதேதான், சாம்பிள் (கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த வாத்திய ஒலி) வந்தபிறகு மரிம்பாவைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றேன். "ஆனால் குறைத்தால் அது மரிம்பா இல்லை, நாங்கள் ஏழு பேராகத்தான் போகிறோம், பங்கு சின்னதானாலும் சரி" என்றார் அவர். இதில் நான் முழுக்க அவர் பக்கம்.

போக நினைக்கும் தாளவாத்தியக்காரர்களுக்குச் சில விஷயங்கள். ஸ்டிக் பையை நீர் புகாத உறைக்குள் போடுங்கள், எந்த வண்டியிலும் மடியை விட்டு இறக்காதீர்கள். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நூறு கெட்சாலுக்கு அதோல்காரம்மாவிடம் மீதி இருக்காது. வாசிக்கிறவர்கள் ஓய்வெடுக்கும்வரை கருவியைத் தொடாதீர்கள். கேட்டால் மறுப்பவரை நான் பார்க்கவில்லை. பன்றிச் சவ்வை விமானத்தில் கொண்டுவர முயலவில்லை, விலங்குப் பொருளுக்குச் சுங்கத்தில் சிக்கல். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய பட்டர் பேப்பரையும் தேன்மெழுகையும் வைத்து, பழைய மூங்கில் குழாயில் ஓட்டை போட்டுப் பார்க்கப் போகிறேன். தை மாதம் ஒரு ரெக்கார்டிங் இருக்கிறது, அதில் கேட்க வைக்க முடிந்தால் ஒலியோடு பதிவு போடுகிறேன்.